விக்கிப்பீடியா பேச்சுப் பக்கம்: காலேஜ் பசங்கள வச்சு ஓட்டிப் பாத்ததுல

ஒரு காலேஜ்ல தமிழ்த்துறைல இருக்கற ஃப்ரெண்ட் போன வாரம் கேட்டாங்க, "எங்க பசங்களுக்கு தமிழ் விக்கிப்பீடியால எழுதப் பயிற்சி வைக்கலாம்னு இருக்கேன், டவுட்டுன்னா பேச்சுப் பக்கத்துலயே கேட்டுக்கலாமாமே, அது நல்லா வேலை செய்யுதா"ன்னு. (பேச்சுப் பக்கம்னா ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒவ்வொரு பயனருக்கும் கூடவே இருக்கற, ஒருத்தருக்கொருத்தர் செய்தி எழுதிக்கற பக்கம்.) ரெண்டு வரில பதில் போடலாம்னு உக்காந்தேன், எழுத எழுத கோபம்தான் வந்துச்சு, அதனால மொத்தமா இங்க எழுதிடறேன். விஷுவல் எடிட்டர் (குறியீடு இல்லாம நேரா டைப் பண்றது), மணல்தொட்டி (எழுதிப் பழகற பக்கம்), மேற்கோள் சேக்கறது இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்னு வச்சுக்கறேன், அதுல எல்லாம் பெருசா குறை இல்ல, பசங்க அரை மணி நேரத்துல பிடிச்சுக்கறாங்க.

பிரச்சனை பேச்சுப் பக்கம்தான். ஒருத்தன் புதுசா கணக்கு தொடங்கினா அவன் பேச்சுப் பக்கத்துல வரவேற்பு வார்ப்புரு, அதாவது ரெடிமேடா இருக்கற வரவேற்புச் செய்தி, வந்து விழும். நல்ல மனசோட போடறதுதான், ஆனா கல்யாணப் பத்திரிகை மாதிரி நீளமா, இங்க போங்க அங்க பாருங்கன்னு இணைப்பு மேல இணைப்பு. அது கூடப் பரவால்ல. வந்ததே அவனுக்குத் தெரியாது! ஏன்னா அவன் எழுதறது ஃபோன்ல, செய்தி வந்தா காட்டறது மேல மூலைல குட்டியா ஒரு மணிப் படம், அதுல ஒரு நம்பர், அவ்ளோதான். இருக்கற எல்லா ஆப்லயும் இப்படி நம்பர் காட்டிக் காட்டி, அதைக் கண்டுக்காம இருக்கப் பழகிட்ட பசங்க இவங்க. விக்கியோட மணிய மட்டும் ஏன் அமுக்கப் போறாங்க சொல்லுங்க. 2003ல தொடங்கின விக்கி, இருபது வருஷம் தாண்டியாச்சு, இன்னும் புது ஆளுக்கு ஒண்ணு சொல்லணும்னா நம்ம முதல்ல போய் நிக்கறது இந்தப் பக்கத்துலதான்.

அப்புறம் என்ன நடக்கும்னா, பையன் தன் ஊர்க் கோயில் பத்தி ஒரு பத்திரிகை தளத்துல இருந்து அப்படியே காப்பி பண்ணி ஒட்டுவான். அண்மைய மாற்றங்கள் (யார் என்ன மாத்தினாங்கங்கற பட்டியல்) பாக்கற யாராவது பிடிச்சுடுவாங்க. பதிப்புரிமை மீறல், சொந்த நடைல எழுதுங்க, எங்க இருந்து எடுத்தீங்களோ அதை மேற்கோளா குடுங்கன்னு மரியாதையா பேச்சுப் பக்கத்துல எழுதிட்டு கட்டுரைய நீக்குவாங்க. இவன் செய்தியப் பாக்கல, ஏதோ நெட் பிரச்சனை போலன்னு திரும்ப ஒட்டுவான். திரும்ப நீக்கம், இந்தத் தடவை செய்தில கொஞ்சம் காரம். மூணாவது தடவை தடை பண்ணுவோம்னு எச்சரிக்கை. நிர்வாகி பக்கம் இருந்து பாத்தா, எத்தன தடவ சொன்னாலும் பதிலே பேசாத திமிர் பிடிச்ச ஆளு. பையன் பக்கம் இருந்து பாத்தா, காரணமே சொல்லாம எவனோ நம்ம எழுதினத அழிச்சுட்டே இருக்கான். ரெண்டு பேர் மேலயும் தப்பு சொல்ல முடியல, அதான் எரிச்சலே. நிர்வாகிங்களும் சம்பளம் வாங்காம ராத்திரி கண்ணு முழிச்சு வேலை பாக்கறவங்கதான். (இன்டர்னல் மார்க்குக்கு ஆளுக்கு ஒரு கட்டுரைன்னு சொல்லி, கடைசித் தேதிக்கு முந்தின ராத்திரி மொத்தக் கிளாஸும் வந்து கொட்டும் பாருங்க, அதைத் துப்புரவு பண்ணவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும். மார்க்கோட கட்டாதீங்க, ப்ளீஸ்.)

சரி, நல்லதையும் சொல்லணும். முன்னாடி எல்லாம் ஒருத்தருக்குப் பதில் எழுதணும்னா எடிட் பெட்டியத் திறந்து, முக்காற்புள்ளி போட்டு உள்ள தள்ளி, கடைசில நாலு அலைக்குறி போட்டுக் கையெழுத்து வைக்கணும், எந்தப் பையன் இதை ஞாபகம் வச்சுப் பண்ணுவான், பாதி கேள்வி யார் கேட்டதுன்னே தெரியாம அனாதையா கிடக்கும். இப்போ பதிலளின்னு ஒரு பட்டன், அமுக்கி டைப் பண்ணா கையெழுத்து தானா வந்துடுது. இவ்ளோ சின்ன விஷயம் இவ்ளோ மாத்தும்னு நான் நினைக்கவே இல்ல. ஒரு பொண்ணு தன் ஊர் ஏரி பத்தி எழுதிட்டு தகவற்பெட்டில (கட்டுரை ஓரத்துல வர்ற சுருக்கப் பெட்டி) ஆள்கூறு, அதாவது மேப்ல இடத்தைக் காட்டற எண், எப்படிப் போடறதுன்னு கேட்டிருந்தா, நான் காலைல எந்திரிச்சுப் பாக்கறதுக்குள்ள இலங்கைல இருந்து ஒருத்தர் பதில் சொல்லி, அவ நன்றி சொல்லி, அவர் அந்த ஏரிக்குப் படம் இருக்கான்னு கேட்டு, பேச்சு எங்கேயோ போயிருந்துச்சு. வாட்சப் குரூப்ல இது நடக்காது, அங்க நான் ஒருத்தன்தான் பதில் சொல்லணும். செமஸ்டர் முடிஞ்சா குரூப் செத்துடும், அடுத்த பேட்ச் அதே கேள்விய முதல்ல இருந்து கேக்கும். பேச்சுப் பக்கம்னா பழைய பதிலோட லிங்க் குடுத்தா போதும்.

நான் இப்போ பண்றது இதுதான். கணக்கு தொடங்கும்போது மின்னஞ்சல் விருப்பம் இருந்தா குடுங்கன்னுதான் இருக்கும், எல்லாரும் தாண்டிப் போயிடுவாங்க, நான் விடறதில்ல, குடுத்து உறுதிப்படுத்தவும் வச்சுடுவேன். அப்போ பேச்சுப் பக்கத்துல எழுதினா மெயில் போகும். கடவுச்சொல் மறந்தாலும் அந்த மெயில்தான் காப்பாத்தும், இல்லன்னா புதுக் கணக்குதான், பழைய பங்களிப்பு எல்லாம் வேற பேர்ல கிடக்கும். அப்புறம் முதல் எடிட் கட்டுரைல இல்ல, பக்கத்து சீட் ஆளோட பேச்சுப் பக்கத்துல. அவங்க மணிய அமுக்கி, பதிலளி குடுத்து, இவங்களுக்குத் திரும்ப வரணும். ஒரே சிரிப்பும் கலாட்டாவுமா இருக்கும், ஆனா மணி எங்க இருக்குன்னு மறக்க மாட்டாங்க.

இவ்ளோ பண்ணியும் பாதிப் பேர் பாக்கறதில்ல. அதனால பேச்சுப் பக்கத்துக்கு அஞ்சு மார்க்குக்கு ரெண்டு தான் குடுப்பேன், அந்த ரெண்டும் பதிலளி பட்டனுக்கு. உங்க காலேஜுக்கு நான் வர்றேன், வாட்சப் குரூப் மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க, பேச்சுப் பக்கத்துலயே பாத்துக்கலாம்.

இன்னொண்ணு, லேப் வைஃபைல எல்லாரும் ஒரே ஐபி (நெட் முகவரி), அதுல இருந்து விக்கி ஒரு நாளைக்கு ஆறு கணக்குக்கு மேல தொடங்க விடாது, ஏழாவது ஆள்ல இருந்து எரர்தான். ஃபேப்ரிகேட்டர்ல (விக்கியோட டெக்னிக்கல் ஆளுங்ககிட்ட கோரிக்கை வைக்கற தளம்) முன்கூட்டியே அந்த வரம்புல இருந்து விலக்கு கேட்டு வைக்கணும், அதுக்கு காலேஜோட ஐபி, தேதி, நேரம், எத்தன பேருன்னு எல்லாம் வேணும். உங்க சிஸ்டம் அட்மின்கிட்ட இப்பவே கேட்டு வாங்கி வைங்க, முடியாதுன்னாங்கன்னா பசங்கள முந்தின நாளே அவங்கவங்க மொபைல் டேட்டால கணக்கு தொடங்கிட்டு வரச் சொல்லுங்க. மெயில் ஐடியோட.