பை-ஹோல், அன்பவுண்ட்: வீட்டு டிஎன்எஸ்ஸை நானே வைத்துக்கொண்ட கதை

வாட்ஸ்அப்பில் செய்தி வந்துகொண்டே இருக்கும், ஆனால் பிரவுசரில் புதிதாக ஒரு தளத்தைத் தட்டினால் வெள்ளைப் பக்கம்தான். ரவுட்டரை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சரியாகும், சாயங்காலம் மறுபடியும் அதே கதை. கூகுளின் 8.8.8.8 சர்வருக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போய், தளத்தின் பெயருக்குப் போகவில்லை என்றால் சந்தேகம் டிஎன்எஸ் மேல்தான், அதாவது தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றிக் கொடுக்கும் சேவை மேல்தான். என்எஸ்லுக்கப் என்ற டிஎன்எஸ் சோதனைக் கட்டளையில் ஒரு பெயரை ரவுட்டரிடம் கேட்டால் டைம்அவுட், அதே பெயரை கிளவுட்ஃப்ளேரின் பொது டிஎன்எஸ்ஸான 1.1.1.1-இடம் கேட்டால் உடனே பதில். எங்கள் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் படுத்துக்கொள்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

பெரும்பாலான வீடுகளுக்கு ரவுட்டரில் 1.1.1.1 என்று மாற்றிவிட்டாலே போதும். எனக்கு விளம்பரத் தொல்லையும் தீர வேண்டியிருந்ததால் சும்மா கிடந்த ராஸ்பெரி பை 3 என்ற குட்டிக் கணினியில், விளம்பரத் தளங்களின் பெயர்களைத் தடுக்கும் டிஎன்எஸ் மென்பொருளான பை-ஹோலைப் போட்டு, அதன் பின்னால் பெயர்களைத் தேடிக் கொடுக்க அன்பவுண்ட் என்ற மென்பொருளை வைத்தேன். அன்பவுண்ட் யாரிடமும் கைமாற்றிவிடாமல், டிஎன்எஸ்ஸின் உச்சியில் இருக்கும் ரூட் சர்வரிலிருந்து தானே படிப்படியாக விசாரித்துப் பதில் கொண்டுவரும். ஒரு பெயரை முதல் தடவை கேட்கும்போது சற்றுத் தாமதம் தெரியும். அடுத்த முறை, சேமித்து வைத்த கேஷிலிருந்து வந்துவிடும்.

நிறுவுவது சுலபம். எல்லாக் கருவியும் உண்மையில் பையிடம்தான் கேட்கிறதா என்று பார்ப்பதில்தான் வேலை இருக்கிறது. இணைய முகவரிகளில் ஐபிவி4 என்ற பழைய வகையும் ஐபிவி6 என்ற புதிய வகையும் உண்டு. ரவுட்டரில் ஐபிவி4-க்கு பையின் முகவரியைக் கொடுத்த பிறகும், ஐபிவி6 வழியாக நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸே கருவிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பை-ஹோலின் பதிவில் என் லேப்டாப் பாதி நேரம் காணாமல் போனதற்கு அதுதான் காரணம். ரவுட்டரில் ஐபிவி6 டிஎன்எஸ் அறிவிப்பை நிறுத்தியதும் ஒழுங்குக்கு வந்தது. ஆண்ட்ராய்டு 9-உம் அதற்கு மேலும் உள்ள போன்களில் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஒன்று உண்டு. அதில் ஏதாவது பெயர் போட்டிருந்தால் போன் பையைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று இரண்டாவது டிஎன்எஸ்ஸாக 8.8.8.8 கொடுப்பதும் வேண்டாம். முதலாவது செத்தால்தான் இரண்டாவதிடம் போக வேண்டும் என்ற கட்டாயம் கருவிகளுக்குக் கிடையாது, இஷ்டத்துக்கு எதையாவது கேட்கும்.

ரொம்ப நாள் தலைவலி கொடுத்தது கடிகாரம்தான். மெயினை அணைத்துவிட்டு ஊருக்குப் போய் வந்தால், பை எழுந்திருக்கும், எந்தப் பெயருக்கும் பதில் வராது, எல்லாவற்றுக்கும் 'சர்வ்ஃபெயில்' என்ற பிழைதான். பை 3-இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. அணைந்தபோது இருந்த நேரத்தை ஒட்டியே மறுபடி ஓட ஆரம்பிக்கும். டிஎன்எஸ் பதில் போலியில்லை என்று உறுதிசெய்ய டிஎன்எஸ்செக் என்ற முறையில் டிஜிட்டல் கையெழுத்துகள் வரும், அவற்றுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. தேதி சில நாள் பின்தங்கியிருந்தால், 'இந்தக் கையெழுத்து இன்னும் செல்லுபடியாகவே ஆரம்பிக்கவில்லை' என்று அன்பவுண்ட் தள்ளிவிடும். சரி, இணையத்திலிருந்து நேரத்தை வாங்கிக்கொள்ளலாமே என்றால், நேர சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்கவும் இதே டிஎன்எஸ்தான் வேண்டும்! நேர சர்வரைப் பெயருக்குப் பதில் ஐபி எண்ணாகவே கொடுத்ததில் முடிச்சு அவிழ்ந்தது. அப்புறம் டிஎஸ்3231 கடிகாரப் பலகை ஒன்றையும் மாட்டிவிட்டேன்.

மின்வெட்டு உள்ள ஊரில், பையின் மென்பொருள் இருக்கும் எஸ்டி கார்டு கெடுவதுதான் அடுத்த பயம். பையையும் ரவுட்டரையும் ஒரே யுபிஎஸ்ஸில் போட்டிருக்கிறேன், அமைப்புகளை அவ்வப்போது பை-ஹோலின் டெலிபோர்ட்டரில் நகலெடுத்து வைக்கிறேன். புதிதாக வாங்கினால் ராஸ்பெரி பை 5-இல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, பேட்டரி மட்டும் தனியாக வாங்கணும். ஆனால் இந்த ஒரு வேலைக்கு அது ரொம்பவே அதிகம். பழைய பை 3-க்கே இதில் வியர்ப்பதில்லை.