புதினாவும் கள்ளியும் ஒரே தொட்டியில்: செடி வாங்குவோர் கவனத்திற்கு

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் சாலையோரத்தில் உள்ள ஒரு நர்சரியில் 'கிச்சன் கார்டன் செட்' என்ற பெயரில் விற்கப்படும் தொட்டியை 650 ரூபாய் கொடுத்து ஆவணி மாதத்தில் வாங்கினேன். இதே சரக்கு வேறு கடைகளிலும் கண்ணில் படுவதால், கடையின் பெயரை எழுதுவதைவிடத் தொட்டியின் அடையாளத்தைச் சொல்வதே பயன் தரும். நீள்சதுரப் பீங்கான் தொட்டியில் ஒரு முனையில் புதினா அடர்ந்திருக்கும். மறுமுனையில் இரண்டு கள்ளிகள் நிற்கும். ஒன்று, முப்பட்டையான பச்சைத் தண்டின் உச்சியில் சிவப்புப் பந்து ஒட்டுக்கட்டியது. மற்றொன்று, முள் நிறைந்த உருண்டையின் தலையில் இளஞ்சிவப்புப் பூ வைத்தது. மண் தெரியாதபடி மேலே வெள்ளைக் கூழாங்கற்கள் பரப்பப்பட்டிருக்கும். தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றவும், நேரடி வெயில் வேண்டாம், சமையலறை ஜன்னல் போதும் என்று அச்சிட்ட அட்டை ஒன்றும் உடன் வரும்.

ஏமாற்று அந்த அட்டையிலேயே தொடங்குகிறது. புதினா பகலில் இலைத் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும் செடி. திறந்த துளைகள் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்க, வேர்களோ மேல்மண்ணில் மட்டும் படர்பவை என்பதால், மண் எப்போதும் ஈரப்பதத்துடன் இருந்தாக வேண்டும். கள்ளி இதற்கு நேர்மாறானது. இரவின் குளிர்ச்சியில்தான் அது துளைகளைத் திறக்கிறது. வாங்கிய வாயுவை அமிலமாகச் சேமித்து வைத்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதிலிருந்து உணவு தயாரிக்கிறது. தண்டிலேயே நீரைத் தேக்கி வைத்திருப்பதால் மண் முழுவதும் காய்ந்த பிறகே அதற்கு மறுபடியும் தண்ணீர் தேவை. ஈரம் வடியாத மண்ணில் காற்று புகும் இடம் இல்லாமல் வேர்கள் இறந்து, அந்த வழியே பூஞ்சை ஏறிவிடும். ஆக, அட்டையில் சொன்னபடி ஊற்றுகிறவர் கள்ளியைக் கொல்கிறார். கள்ளியைக் காப்பாற்ற எண்ணித் தண்ணீரைக் குறைக்கிறவர் புதினாவைக் கருக விடுகிறார். இரண்டும் பிழைக்கும் வழி அந்தத் தொட்டிக்குள் கிடையாது என்பது செடி விற்றுப் பிழைப்பவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது என்பதே என் கருத்து.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் முப்பட்டைத் தண்டின் அடிப்பகுதி பழுப்பேறி, விரலால் தொட்டால் அமுங்கும் அளவுக்குக் குழைந்துவிட்டது. கூழாங்கற்களை எடுக்கலாம் என்றால் அவை பசையால் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருந்தன. பெயர்த்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது தென்னைநார்க் கழிவுடன் பிசைந்த வயல் களிமண். தொட்டியின் அடியில் நீர் வடிய ஒரு துளைகூட இல்லை. உருண்டைக் கள்ளியின் பூவோ சூட்டுப் பசையால் ஒட்டிய உலர்மலர். இந்தத் தந்திரம் எளிதில் பிடிபடாததற்கு ஒரு காரணம் உண்டு. இவ்வகை உலர்மலரின் இதழ்கள் காற்றில் ஈரம் கூடினால் குவியும், காய்ந்தால் விரியும். வெயில் அடித்த நாளில் மலர்ந்தும் மழை நாளில் கூம்பியும் இருப்பதைப் பார்க்கிற எவரும் பூ உயிரோடு இருக்கிறது என்றே நம்புவார்கள். பசை கொட்டிய வளர்முனை காயம்பட்டுப் போனதுதான் மிச்சம்.

சிவப்புப் பந்தைப் பற்றியும் கடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதில் பச்சையம் இல்லை. தனக்கு வேண்டிய உணவைத் தானே தயாரிக்க முடியாமல், கீழே உள்ள டிராகன் பழ இனத் தண்டை நம்பியே அது வாழ்கிறது. தண்டு அழுகினால், பந்தை வெட்டி எடுத்து வேறு தண்டில் மறுபடியும் ஒட்டுக்கட்டினாலன்றி அது பிழைக்காது. நல்ல பராமரிப்பிலும் இவ்வகை ஒட்டுக் கள்ளிகள் பெரும்பாலும் சில ஆண்டுகளே நிலைக்கும். இதைச் சொல்லி விற்றிருந்தால் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

தொட்டியைக் கடைக்கே எடுத்துச் சென்று காட்டினேன். "நீங்க தண்ணிய அதிகமா ஊத்திட்டீங்க சார், கேக்டஸுக்கு அவ்வளவு ஆகாது" என்றார் கடைக்காரர். அவர் கொடுத்த அட்டையையே எடுத்து நீட்டியபோது, "அது புதினாவுக்குப் போட்டது சார்" என்று பதில் வந்தது. கள்ளிக்கு உரிய அட்டை எங்கே என்று கேட்டதற்கு, ரசீதின் அடியில் விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று அச்சிட்டிருந்த வரியைச் சுட்டிக்காட்டிவிட்டு வேறு வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.

இந்த இரண்டையும் வளர்க்க விரும்புகிறவர்கள் தனித்தனியாகவே வளர்க்க வேண்டும். புதினாவைத் தொட்டியோடு விலை கொடுத்து வாங்குவதே நம் பக்கத்தில் வீண் செலவு. உழவர் சந்தையில் வாங்கும் கட்டில் இலையைக் கிள்ளிய பின் மிஞ்சும் முற்றிய தண்டுகளை ஈர மண்ணில் ஊன்றினால் போதும், வேர் விட்டுவிடும். நம் வண்டல் மண்ணுடன் மக்கிய சாணத்தூள் கலந்த அகலமான தொட்டி, காலை வெயில், பிற்பகல் நிழல், சித்திரை வெயிலில் நாள்தோறும் தண்ணீர் இருந்தால் தழைக்கும். கணுவுக்கு மேலே அடிக்கடி கிள்ளினால் பக்கக் கிளைகள் வரும். இலையின் அடியில் செம்மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் துரு நோய். அந்தத் தண்டுகளை உடனே வெட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

கள்ளிக்கு நம் வண்டல் ஆகவே ஆகாது. பருமணல், செங்கல் துண்டுகள், வல்லம் பக்கத்துச் செம்மண் ஆகியவற்றுடன் சிறிதளவு மக்கிய எரு கலந்து, அடியில் துளையுள்ள மண் சட்டியில் வைக்க வேண்டும். உருண்டைக் கள்ளிக்கு நாளில் சில மணி நேரமாவது நேரடி வெயில் தேவை. சமையலறை ஜன்னலில் வைத்தால் வெளிறி, மெலிந்து நீளும். சிவப்புப் பந்துள்ளதை உச்சி வெயிலில் மட்டும் காக்க வேண்டும். கோடையில் மண் முழுக்கக் காய்ந்த பிறகு நன்றாக ஊற்றலாம். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவின் காற்றே ஈரமாக இருப்பதால், கூரைக்கடியில் வைத்துவிட்டுத் தண்ணீரை ஏறக்குறைய நிறுத்திவிடுவது நல்லது.

வாங்கும்போது கூழாங்கல்லை நகர்த்திப் பாருங்கள், நகரவில்லையென்றால் வாங்காதீர்கள். பூவின் அடியில் பசை தெரிகிறதா, தொட்டியில் துளை இருக்கிறதா, ஒட்டுத் தண்டின் அடி கெட்டியாக இருக்கிறதா என்பவற்றையும் பாருங்கள். ரசீது தராத கடையில் வாங்காதிருப்பது உத்தமம். விற்ற பொருளைத் திரும்பப் பெறமாட்டோம் என்ற வரியைக் கண்டு யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்திற்குள்ளும், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறையாகவே வகைப்படுத்துகிறது. அழுகல் வெளியே தெரிவதற்கே அந்த 30 நாட்களைத் தாண்டிவிடக்கூடும் என்பதால், வாங்கிய வாரத்திலேயே தொட்டியைக் கிளறிப் பார்த்துவிட வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. ரசீதையும் அட்டையையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு உதவி எண்ணில் என் புகாரைப் பதிந்திருக்கிறேன். கடை வாசலில் அதே தொட்டிகள், அதே அட்டையோடு, இப்போது தீபாவளிப் பரிசு என்ற பலகையின் கீழ் அடுக்கப்பட்டிருக்கின்றன.