ரோமா, லண்டனா, அசிசியா? மனசு அடங்குனது எங்கன்னு ஒரு கணக்கு

நாங்க கோட்டை மாரியம்மன் ஆளுங்க, ஆடி வந்தா பொங்க வைக்காம இருந்ததில்ல. ஆனா நான் ஏற்காட்டுல சிஸ்டர்ஸ் ஸ்கூல் ஹாஸ்டல்ல இருந்து படிச்சவ, சாயங்காலம் பனி இறங்கறப்ப சாப்பல்ல சில்லுனு இருக்கற அந்த பெஞ்சுல உக்காந்து பழகிட்டதால வெளிநாடு போனா மியூசியத்த விட்டாலும் விடுவேன், பழைய சர்ச்ச விடமாட்டேன். போட்டோவுக்கு எது நல்லாருக்கும்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. கொஞ்ச நேரம் வாய மூடி உக்காரணும்னா எதுன்னு மட்டும் நான் சொல்றேன்.

ரோம்ல செயின்ட் பீட்டர்ஸ் சர்ச். 1506ல கட்ட ஆரம்பிச்சு 1626லதான் அர்ச்சிச்சாங்க, நம்ம கும்பாபிஷேகம் மாதிரி. டிக்கெட் இல்ல, ஆனா செக்யூரிட்டி கியூ நம்மூர் ஆடிப் பண்டிகைக்குக் குறையாது. கூட வந்த அத்தை வாசல்லயே "செருப்ப எங்க கண்ணு விடறது"ன்னாங்க, இங்க யாரும் கழட்றதில்லன்னு சொன்னா நம்பவே இல்ல. உள்ள ஏசுவோட சீடர் பீட்டரோட வெண்கலச் சிலை, வலது கால் விரலெல்லாம் மொழுக்குனு தேஞ்சு கெடக்கு, காலங்காலமா ஜனங்க தொட்டுத் தொட்டு. மத்தபடி கொடி புடிச்ச கைடும் செல்ஃபி ஸ்டிக்கும்தான், எங்க மனசு அடங்கும்? ஆனா வலது பக்கம் திரை போட்ட ஒரு சாப்பல் இருக்கு, நற்கருணை, அதாவது ஏசுவோட உடம்புன்னு கும்பிடற அப்பம், வெச்சிருக்கற இடம், ஜெபம் பண்றவங்களுக்கு மட்டும்தான், போட்டோ கூடாது. காவலுக்கு நின்னவர் "பிரேயர்?"னு கேக்க, அத்தை பதில் சொல்லத் தெரியாம ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி ஒரு கும்பிடு போட்டாங்க, மனுசன் திரைய விலக்கி விட்டுட்டாரு. ரோமுக்கு நான் போடற மார்க்கு மொத்தமும் அந்தத் திரைக்குப் பின்னாடி உக்காந்த இருபது நிமிசத்துக்குத்தான்.

கொலோன் கதீட்ரல்? ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா மூஞ்சிக்கு நேரா நிக்குது, 1248ல தொடங்கி 1880ல முடிச்சது, 157 மீட்டர் ஒசரம். கழுத்து வலிச்சுது, அவ்ளோதாங்க.

லண்டனுக்கு ஆபீஸ் வேலையா தனியா போனது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேல பகல்ல டிக்கெட் வாங்கிப் போனா நியூட்டன் சமாதி, ராஜா ராணி சமாதின்னு ஹிஸ்டரி கிளாஸ்தான், டிக்கெட்டும் கொஞ்சநஞ்ச வெலையில்ல. அதே எடத்துக்கு சாயங்காலம் ஈவன்சாங்னு ஒரு பாட்டு வழிபாட்டுக்குப் போங்க, காசே கிடையாது, முக்கா மணி நேரம், பசங்க குரல் மேல ஏறி அந்தக் கல்லு கூரையில போய் நிக்கும். பாதி வார்த்த எனக்குப் புரியல, புரியலன்னா என்ன, ஓதுவார் தேவாரம் பாடறப்ப பதம் பிரிச்சா கேக்கறோம்?

இப்ப அசிசி, இதுவும் இத்தாலிதான். ஊரு மலை மேல, ஸ்டேஷன் கீழ அடிவாரத்துல. எல்லாரும் இந்த ஊர்ப் புனிதர் பிரான்சிஸ் சமாதி இருக்கற பசிலிக்காவுக்கு, அதாவது பெரிய சர்ச்சுக்கு, மேல ஓடறாங்க, போங்க, சுவர் ஓவியமெல்லாம் பாக்க வேண்டியதுதான். ஆனா அதுக்கு முன்னாடி ஸ்டேஷன்லேருந்து நடக்கற தூரத்துல இருக்கற சாந்தா மரியா பசிலிக்காவுக்குள்ள போயிருங்க. அவ்ளோ பெரிய கூரைக்குக் கீழ நட்ட நடுவுல ஒரு குட்டிக் கல்லு சாப்பல், போர்சியுங்கோலான்னு பேரு, பிரான்சிஸ் தன் கையால செப்பனிட்டது, 1226ல அவரு உசுரு போனதும் அதுக்கு நாலு எட்டுலதான். பெரிய கோயிலக் கட்டுனவங்க சின்னத இடிக்கல, அதச் சுத்தி எழுப்பிட்டாங்க. உள்ள இருட்டு, கருத்த கல்லு, நாலஞ்சு வரிசைதான் உக்கார முடியும். அத்தை எட்டிப் பாத்துட்டு "சேர்வராயன் குகையாட்டவே இருக்குது கண்ணு"ன்னாங்க. குனிஞ்சு நுழைஞ்சு வெளக்கு வெளிச்சத்துல சாமி பாத்தவங்களுக்குத்தான் அது தெரியும். இந்தத் தடவ என்ன ஒரு வார்த்த கேக்கல, செருப்பக் கழட்டி ஓரமா வெச்சுட்டு உள்ள போயிட்டாங்க. நானும் கழட்டிட்டேன்.

ஆக மொதல்ல அசிசி, அடுத்து ஈவன்சாங், அப்புறம் ரோம், அதுவும் அந்தத் திரைக்காக. அத்தைக்கும் ஈவன்சாங் காட்டணும்னு ஆச. லண்டனுக்குத் தனியா வேற விசா எடுக்கணும்னு சொன்னதும் "அதுக்கு ஏற்காட்டுக்கு பஸ் ஏறுனா முடிஞ்சுது, உம்பட ஸ்கூல் சர்ச்சு இருக்குதல்ல"ன்னுட்டாங்க.