குன்னூர்ல லேபிள் இல்லாத டப்பாவுல கேமஃப்ளாஜ் க்ரீம் குடுத்தா வாங்கிடாதீங்க

எனக்கு வாயோரத்துலயும் இடது கன்னத்துலயும் வெண்புள்ளி இருக்கு, ஆறு வருசமா. தொத்து நோய் இல்ல, குஷ்டமும் இல்ல, தோலுக்கு நிறம் குடுக்குற செல்லு அந்த இடத்துல இல்லாம போச்சு, அவ்வளவுதான். வீட்ல யாரும் இத பெருசா எடுத்துக்கல. ஆனா அண்ணன் கல்யாணத்த மேட்டுப்பாளையத்துல வச்சாங்க, பொண்ணு வீட்டு ஆளுங்க எல்லாம் வந்து "ஏங்கண்ணு மூஞ்சில அது என்ன"ன்னு கேக்க கேக்க ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல, அதுக்குத்தான் திட்ட நம்ம தோல் கலர்லயே மறைக்கிற கேமஃப்ளாஜ் க்ரீம் தேடினேன்.

குன்னூர்லயே ஒரு பார்லர்ல கெடைக்கும்னு சொன்னாங்க, போனேன். அங்க இருந்த அக்கா என் கைய திருப்பி மணிக்கட்டுல தடவி, ட்யூப் லைட் வெளிச்சத்துல ஷேட் பாத்தாங்க. வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, மூடில மார்க்கர்ல 3ன்னு போட்டிருந்துச்சு, வேற ஒரு எழுத்து கெடையாது. 3,500 ரூபா. பில்லு கேட்டதுக்கு "நமக்குள்ள என்னம்மா பில்லு"ன்னுட்டாங்க. அப்புறம் சொன்னதுதான் என்னைய விழ வச்சுது: "இது மறைக்கவும் செய்யும், நைட்டும் போட்டுட்டு படுத்தீன்னா திட்டே போயிரும்."

ஒரு மாசத்துல நெசமாவே திட்டு மங்கின மாதிரி தெரிஞ்சுது, அம்மா பாத்துட்டு அழுதுட்டாங்க. இப்ப நினைச்சா அதுதான் ரொம்ப வலிக்குது.

கல்யாணத்தன்னிக்கு மேட்டுப்பாளையம் வெக்கையில தாலி கட்டுறதுக்குள்ள க்ரீம் வழிஞ்சு கர்ச்சீப் பூரா ஆரஞ்சு கலர், வெளிய வெயில்ல எடுத்த போட்டோல கன்னம் மட்டும் தனியா தெரியுது. சரி கல்யாணம்தான் முடிஞ்சுதேன்னு போடுறத விட்டேன். நாலாவது நாள் முகம் செவந்து, எரிச்சல் தாங்கல, தண்ணி பட்டாக்கூட சுளீர்னுச்சு, தாடையில சின்ன சின்னதா பரு.

கோயமுத்தூர்ல ஸ்கின் டாக்டர்ட்ட போனேன். டப்பாவ கேட்டாங்க, கன்னத்த லென்ஸ் வச்சுப் பாத்தாங்க, தோல் மெலிஞ்சு உள்ள ரத்தக் குழாய் நூல் நூலா தெரியுது, ஸ்டீராய்டு, அதாவது அரிப்பு வீக்கத்த அடக்குற வீரியமான மருந்து, கலந்த க்ரீம் மாதிரிதான் இருக்குன்னாங்க. "உங்க திட்டு மங்கலம்மா, சுத்தி இருந்த நல்ல தோல் வெளுத்துருக்கு, அதனால வித்தியாசம் தெரியல." எனக்கு பேச்சே வரல.

வெண்புள்ளிக்கு டாக்டருங்களே ஸ்டீராய்டு க்ரீம் எழுதுவாங்க, ஆனா எந்த இடத்துல, எத்தன நாள்னு கணக்கு இருக்கு. 2018லயே இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம் பலதையும் டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு மத்திய அரசு கொண்டு வந்துட்டாங்க, இவங்க என்னடான்னா கலர் கலந்து டப்பாவுல அடைச்சு விக்கிறாங்க.

உண்மையான கேமஃப்ளாஜ் க்ரீம் மேல நான் குத்தமே சொல்ல மாட்டேன். அது மறைக்கும், குணமாக்காது, நைட்டு படுக்குறப்ப கழுவிடணும். டாக்டரே அப்புறம் காட்டிக் குடுத்தாங்க: திட்டுக்குப் பக்கத்துலயே வச்சு பகல் வெளிச்சத்துல ஷேட் பாக்கணும், தேய்க்காம விரலால ஒத்தி ஒத்தி மெல்லிசா ரெண்டு தடவ, மேல செட்டிங் பவுடர் நெறைய போட்டு அஞ்சு பத்து நிமிசம் விட்டு மிச்சத்த பிரஷ்ல தட்டிடணும், அப்ப வேர்வைக்கும் மழைக்கும் சீக்கிரம் போகாது. தீக்காயத் தழும்புக்கும் இதே முறைதான், புண்ணு முழுசா ஆறியிருக்கணும். டப்பாவுல தயாரிச்சவங்க பேரு, விலாசம், லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், காலாவதி தேதி இருக்கணும். மொதல்ல காதுக்குப் பின்னாடி கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்க. அப்புறம் நம்ம ஊர் குளிர நம்பி சன்ஸ்க்ரீன் போடாம இருக்காதீங்க, மலை மேல வெயில்ல யூவி (தோல சுடுற புற ஊதாக் கதிர்) ஜாஸ்தி, வெண்புள்ளி இருக்குற எடம் சீக்கிரம் சுட்டுரும்.

மூணு மாசம் ஆச்சு, செவப்பு பாதி கொறஞ்சிருக்கு. மிச்ச க்ரீம் இருக்குற டப்பாவ நான் தூக்கிப் போடல, மருந்து ஆய்வாளர் ஆபீஸ்ல புகாரோட குடுக்கப் போறேன். மூடில நம்பர் எழுதின அதே டப்பா உங்க வீட்ல இருந்துச்சுன்னா என்னைய மாதிரி நீங்களா சட்டுனு நிறுத்தாதீங்க, டப்பாவோட ஒரு ஸ்கின் டாக்டரப் போய்ப் பாருங்க.