விதையில்லா வெள்ளரி என்று 4,310 ரூபாய் வாங்கி ஏமாற்றிவிட்டார்கள்: மாடித்தோட்டம் போடுபவர்கள் கவனம்

இன்று காலை ஆத்தூரிலிருந்து என் அக்கா மகள் ஒரு படம் அனுப்பினாள். "சித்தி, இது உங்க மாடிதானே? நீங்களும் இவங்ககிட்டதான் வாங்குனீங்களா? நானும் பணம் போடலாம்னு இருக்கேன்" என்று கேட்டிருந்தாள். என் மாடியேதான். துணி காயப்போடும் கம்பி, மூலையில் நீல டிரம், பின்னால் சேர்வராயன் மலை. படத்தின் மேல் "சேலம் வாடிக்கையாளர் வீட்டில் அமோக விளைச்சல்" என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் கொடிகளில் நான் வாயில் வைக்கிற மாதிரி ஒரு காய்கூடப் பறிக்கவில்லை. என்னை ஏமாற்றியது போதாது என்று என் படத்தைக் காட்டியே அடுத்தவர்களையும் ஏமாற்றுகிறார்கள். இனி சும்மா இருக்க முடியாது, நடந்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன். விதை வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

விற்றவர்களின் பெயரைப் போடவில்லை. வீடியோ போட்டு, போனில் ஆர்டர் எடுத்து, கூரியரில் விதை அனுப்புகிற வியாபாரம். "எங்க பாலிஹவுஸ் ஏற்காடு அடிவாரத்துல இருக்கு" என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள் (பாலிஹவுஸ் என்றால் பிளாஸ்டிக் தாள் போர்த்திய பசுமைக்குடில்). பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

பொங்கல் முடிந்த வாரம் அந்த வீடியோவைப் பார்த்தேன். ஒருவர் வெள்ளரிக்காய் ஒன்றைக் கையில் எடுத்து டக்கென்று இரண்டாக ஒடித்துக் காட்டினார். உள்ளே ஒரு விதை இல்லை. ஹைபிரிட் ரகம் (இரண்டு ரகத்தைக் கலந்து உருவாக்கியது), கணுவுக்குக் கணு பெண் பூ மட்டும்தான் வரும், ஆண் பூவே வராது, தேனீ வராவிட்டாலும் காய் பிடிக்கும் என்றார். இப்படி ஒரு ரகம் இருப்பது உண்மைதான். பாலிஹவுஸ் விவசாயிகள் வளர்ப்பது அதைத்தான். எனக்கு உடனே மாமாவின் ஞாபகம் வந்தது. என் மாமனாருக்கு 81 வயது, பல் எல்லாம் போய்விட்டது. வெள்ளரிக்காய் என்றால் உயிர். ஆனால் விதை ஈறில் குத்துகிறது என்று சாப்பிடுவதையே விட்டுவிட்டார். அவருக்காகத்தான் அந்த எண்ணுக்குப் போன் செய்தேன்.

அந்த ஆள் என்னிடம் 20 நிமிடம் பேசினார். நான் நம்பியது அந்த 20 நிமிடத்தில்தான். "அக்கா, உங்க மாடியில வெயில் எந்தப் பக்கம் விழும்?" என்று கேட்டார். "மேட்டூர் தண்ணியா, போர் தண்ணியா?" என்று கேட்டார். இரண்டும் உண்டு என்றேன். "போர் தண்ணி விடாதீங்க அக்கா, உப்பு ஏறிடும். மேட்டூர் தண்ணி வர்ற அன்னைக்குப் பிடிச்சு வெச்சு ஊத்துங்க" என்றார். சேலத்தில் குடியிருப்பவருக்குத்தானே இந்தப் பேச்சு வரும்? ஏமாற்ற நினைப்பவன் இவ்வளவு அக்கறையாகக் கேட்பானா என்று நினைத்தேன். "உங்க மாமனாருக்கா? அப்ப நானே நல்ல விதையாப் பொறுக்கி அனுப்புறேன்" என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பணம் போட்டேன்.

30 விதைக்கு 1,500 ரூபாய். மண் கலவையோடு 10 குரோ பேக் 1,800. பந்தல் வலை 560. மொத்தம் 3,860 ரூபாய். பணம் போன கணக்கில் வேறு யாரோ ஒருவர் பெயர் இருந்தது. கேட்டதற்கு "எங்க அக்கவுன்டன்ட் அக்கா" என்றார். இன்னொன்றும் சொன்னார்: "ஒரு தடவ வாங்குனா போதும், இந்தக் காயிலிருந்தே அடுத்த போகத்துக்கு விதை எடுத்துக்கலாம்." விதையே இல்லாத காயிலிருந்து எப்படி விதை எடுப்பது? இப்போது எழுதும்போது அந்தப் பொய் பளிச்சென்று தெரிகிறது. அன்றைக்கு அவர் பேசிய வேகத்தில் எனக்குத் தோன்றவில்லை.

9 நாள் கழித்துப் பார்சல் வந்தது. வெள்ளை ஜிப் கவரில் விதை, மேலே வெள்ளரிக்காய்ப் படம் போட்ட ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். விதை ரோஸ் நிறத்தில் இருந்தது. மருந்து கலந்த விதை அப்படித்தான் இருக்கும் என்பதால் சந்தேகம் வரவில்லை. பிப்ரவரி 1 அன்று குழித்தட்டில் போட்டேன். வெள்ளரி இந்தச் சூட்டில் நாலைந்து நாளில் முளைத்துவிடும். நான் இரண்டு வாரம் காத்திருந்தேன். முப்பதுக்கு 11 முளைத்தது. அதில் 2 வாடிப்போனது. மீதி 9 கொடி.

அந்த 9 கொடியையும் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டேன். காலையும் மாலையும் மேட்டூர் தண்ணீர், வாரம் ஒரு முறை மண்புழு உரம், பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல். கொடி பச்சைப்பசேல் என்று வலையில் ஏறியபோது சந்தோஷத்தில் நானே படம் எடுத்து அந்த ஆளுக்கு அனுப்பினேன். இன்று ஊரெல்லாம் சுற்றுவது அந்தப் படம்தான்.

மார்ச் இரண்டாம் வாரம் பூ வந்தது. காலை 7 மணிக்கு மாடிக்குப் போய் ஒவ்வொரு பூவாகத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளரியில் பெண் பூ என்றால் பூவுக்குப் பின்னால் விரல் நகம் அளவு குட்டிப் பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் பொடி முள் இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் மெல்லிய காம்புதான். ஒரே கொடியில் 23 பூ எண்ணினேன். இருபத்து மூன்றும் வெறும் காம்பு. அடுத்த கொடியிலும் அதேதான். ஆண் பூவே வராது என்று சொல்லி விற்ற ரகத்தில் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஆண் பூ.

உடனே போன் செய்தேன். "முதல்ல ஆண் பூதான் வரும் அக்கா, பயப்படாதீங்க" என்றார். நாட்டு வெள்ளரிக்குத்தான் அது சரி. உங்கள் வீடியோவில் அப்படிச் சொல்லவில்லையே என்றேன். "சேலம் வெயிலுக்கு அப்படி ஆகும்" என்றார். வெயில் கூடினால் ஆண் பூ கூடும் என்பது உண்மை. அதற்காகப் பெண் பூ மட்டுமே வரும் கொடி முழுக்க ஆண் பூவாக மாறிவிடுமா? இரண்டு நாள் கழித்து, நான் தண்ணீர் அதிகம் விடுவதாகச் சொன்னார். பிறகு "சத்து பத்தலை, எங்க பூ டானிக் ஒரு பாட்டில் விட்டா பெண் பூவா வந்து கொட்டும்" என்றார். அதற்கு 450 ரூபாய். அதையும் அனுப்பினேன். 3,860-ம் 450-ம் சேர்த்து 4,310 ரூபாய். எங்கள் வீட்டில் மாதக் கரண்ட் செலவு, பால் செலவு, கேஸ் மூன்றையும் இந்தப் பணத்தில் முடித்திருப்பேன். வந்த டானிக்கில் என்ன இருந்தது என்று தெரியாது. வெல்லம் கரைத்த தண்ணீர் மாதிரி வாடை அடித்தது.

மார்ச் கடைசியில் ஏழெட்டுக் காய் பிடித்தது. ஒன்றைப் பறித்து நறுக்கினேன். உள்ளே விதை கொத்துக் கொத்தாக, வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. நுனி கசந்தது. கசப்புக்குப் பங்குனி வெயிலும் காரணமாக இருக்கலாம், அதை நான் அவர் தலையில் போடவில்லை. ஆனால் விதைக்கு யார் காரணம்? மாமா ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக அசைபோட்டார். அப்புறம் ஒவ்வொரு விதையாக நாக்கால் தள்ளி உள்ளங்கையில் எடுத்து வைத்தார். "பரவால்லம்மா, நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு கொடியில் வந்தது அதைவிட மோசம். காய் உருண்டையாக, மஞ்சளாக வந்தது. ஒரு காயையும் இலைகளையும் அந்த வெள்ளைக் கவரையும் எடுத்துக்கொண்டு சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் கவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "லாட் நம்பர் எங்கம்மா?" விதைப் பாக்கெட் என்றால் ரகம், லாட் எண் (எந்தத் தொகுப்பு விதை என்று காட்டும் எண்), முளைப்புத்திறன், பரிசோதனை செய்த தேதி எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும், வெள்ளரிக்குக் குறைந்தது 60 சதவீதம் முளைக்க வேண்டும் என்றார். எனக்கு முளைத்தது 40 சதவீதம்கூட இல்லை. இரண்டு இலையை மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "இந்தக் கூரா இருக்கிறது வெள்ளரி. இந்த வட்டமா இருக்கிறது நீங்க சாம்பார்ல போடுற மஞ்ச வெள்ளரி, முலாம்பழ வகை. ரெண்டும் வேற வேற செடிம்மா."

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை ரொம்பக் கொதிக்க வைத்தது. உண்மையான விதையில்லா ரகம் வாங்கியிருந்தால்கூட, திறந்த மாடியில் தேனீ வந்து, பக்கத்திலிருக்கும் சாதாரண வெள்ளரியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் விதை பிடித்துவிடுமாம், காயும் ஒரு பக்கம் பெருத்துக் கோணலாகுமாம். பூச்சி நுழையாத வலைக்குள்தான் அதை வளர்க்க வேண்டுமாம். நம்பகமான கம்பெனி விதை ஒன்று பத்து ரூபாயைச் சுற்றித்தான் வரும் என்றார். நான் கொடுத்தது ஒன்றுக்கு 50. மாடியில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கேட்ட ஆளுக்கு, பூச்சி வலை இருக்கிறதா என்று கேட்கத் தெரியாதா?

படங்களோடு எல்லாவற்றையும் எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ஓனர் ஊரில் இல்லை." "திங்கட்கிழமை பேசுறோம்." "உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது." "விதை நல்லதுதான், உங்களுக்கு வளர்க்கத் தெரியல." 14 வருடமாக மாடியில் கத்தரி, வெண்டை, அவரை, பீர்க்கை போடுகிறேன். எனக்கு வளர்க்கத் தெரியவில்லையாம். கடைசியில் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். மகன் போனிலிருந்து கூப்பிட்டால் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மகனை அழைத்துக்கொண்டு வண்டியில் அடிவாரத்துக்கே போனேன். பார்சலில் இருந்த விலாசம் செக்போஸ்ட் தாண்டி, இரண்டாவது கொண்டை ஊசி வளைவு. அங்கே போய் நின்றால் இரண்டு பக்கமும் காடு. குரங்குகள் உட்கார்ந்திருக்கின்றன. பாலிஹவுஸும் இல்லை, ஒரு தகரக் கொட்டகையும் இல்லை. திரும்பி வந்து டீக்கடையில் கேட்டோம். "இதோட நாலஞ்சு பேர் வந்து கேட்டுட்டாங்கம்மா" என்றார் கடைக்காரர். அப்படியானால் எத்தனை 4,310 ரூபாய் போயிருக்கும்?

சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்துவிட்டேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்தாகிவிட்டது. விதை விற்க உரிமம் வேண்டும் என்பதால் நாளைக்கு விதை ஆய்வாளர் அலுவலகத்துக்கும் போகிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது நிதானம் இல்லை. அவசரத்துக்கு இவை மட்டும். லாட் எண்ணும் தேதியும் இல்லாத கவரைத் தொடாதீர்கள். கடைப் பெயர் ஒன்று, பணம் போகும் பெயர் ஒன்று என்றால் பணம் போடாதீர்கள். ஹைபிரிட் காயிலிருந்து விதை எடுத்து அதே ரகத்தை வளர்க்கலாம் என்று எவன் சொன்னாலும் பொய். விதை கவரையும் பில்லையும் அறுவடை முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். உங்கள் தோட்டத்துப் படத்தை விற்பவருக்கு அனுப்பாதீர்கள்.

நீல டிரம்மும் துணிக் கம்பியும் தெரிகிற அந்தப் படம் உங்களுக்கு வந்தால், அது என் வீடு. நான் அந்த விதையை நல்லது என்று யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் படம் எடுத்த அன்று கொடியில் ஒரு பூகூட வந்திருக்கவில்லை. அக்கா மகளுக்குப் போன் செய்து பணம் போடாதே என்று சொல்லிவிட்டேன். "இன்னைக்கு ராத்திரியோட ஆஃபர் முடியுதாம் சித்தி" என்றாள். எனக்கும் அன்றைக்கு அதையேதான் சொன்னார்கள்.