ஃபிட்ஸ் உள்ளவருக்கு எந்தப் போதை எப்போது திருப்பி அடிக்கும்?

சனிக்கிழமை சாயங்காலம் சேலத்திலிருந்து பைக்கில் ஏற்காடு. ராத்திரி ஆளுக்கு ஒரு குவார்ட்டர், இரண்டு மணி வரை அரட்டை. ஃபிட்ஸ் மாத்திரை அஸ்தம்பட்டி வீட்டு அலமாரியிலேயே கிடக்கிறது. ஞாயிறு மதியம் 'எல்லாம் தெளிஞ்சிடுச்சு' என்று வண்டியை எடுத்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்குகிறார்கள். அந்த இரண்டு நாளில் ஆபத்து கூடுதலான நேரம் எது என்று கேட்டால் சனி ராத்திரி என்றுதான் பலரும் சொல்வார்கள். ஞாயிறுதான் மோசம். அதனால் 'எது நல்லது, எது கெட்டது' என்று பார்ப்பதைவிட, எது எந்த நேரத்தில் வலிப்பைக் கொண்டுவரும் என்று பார்ப்பது உதவும்.

மதுவிலிருந்து தொடங்கலாம், சேலத்தில் அதிகம் கிடைப்பது அதுதான். மது உள்ளே இருக்கும்வரை மூளையை அமுக்கி வைக்கிறது. அது இறங்கும்போது, அமுக்கிய ஸ்பிரிங்கிலிருந்து கையை எடுத்த மாதிரி மூளை துள்ளுகிறது. தினமும் குடிப்பவர் நிறுத்தினால் கடைசி கிளாஸுக்குப் பிறகு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். ஃபிட்ஸ் உள்ளவர் ஒரே ராத்திரி அளவு மீறினாலும் போதும், பெரும்பாலும் மறுநாள் காலையில் வரும். கெட்ட தூக்கமும் விட்ட மாத்திரையும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

அளவுக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 180 மில்லி பிராந்தி, 42.8 சதவீதம் என்றால் அதில் சுமார் 61 கிராம் ஆல்கஹால். 650 மில்லி பீர் 5 சதவீதத்தில் சுமார் 26 கிராம், 8 சதவீத ஸ்ட்ராங் பீரில் 41. மருத்துவக் கணக்கில் ஒரு 'டிரிங்க்' 10 கிராம். வலிப்பு நன்றாகக் கட்டுப்பட்டவருக்கு ஒன்றிரண்டு டிரிங்க் பெரிய மாற்றம் செய்வதில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கலாம். ஆனால் 'ஒரு குவார்ட்டர்தானே' என்பது ஒன்று அல்ல, ஆறு.

தினமும் குடிப்பவர் ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியதும் ஒரேயடியாக நிறுத்துவது உண்டு. நோக்கம் நல்லதுதான், ஆனால் ஃபிட்ஸ் உள்ளவர் ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து, அவர் எழுதும் மாத்திரையின் துணையோடு நிறுத்த வேண்டும். இன்னொரு வழக்கம், குடியை நிறுத்த வீட்டார் டைசல்ஃபிராம் மாத்திரையைக் குழம்பில் தெரியாமல் கலப்பது. ஃபெனிடாயின் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது ரத்தத்தில் ஃபெனிடாயின் அளவை ஏற்றிவிடும். நடை தள்ளாடும், நாக்கு குழறும், கண் ஆடும். குடிக்காதவனைப் பார்த்து 'இன்னும் குடிச்சிட்டுத்தான் வர்றான்' என்று வீடு சொல்லும்.

வலி மாத்திரைக்கு வருவோம். இந்த வரிசையில் ஃபிட்ஸ் உள்ளவர் அறவே தொடக் கூடாதது எது என்றால் டிரமடால் என்றுதான் சொல்வோம். மது மறுநாள் வரை காத்திருக்கும், இது காத்திருக்காது. மருந்து ஏறியிருக்கும்போதே வலிப்பு வரும். ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் என்ற உச்சவரம்புக்கு உள்ளேயும் வந்திருக்கிறது. கார்பமசெபின் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கண்ணி இன்னும் இறுக்கம்: அது டிரமடாலைச் சீக்கிரம் கரைத்துவிடுவதால் 'ஏறவே இல்லையே' என்று இன்னொன்று போடத் தோன்றும். மன அழுத்த மாத்திரையும் கூட இருந்தால் ஆபத்து பெருகும். 2018-லேயே போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டாலும், பாராசிட்டமாலோடு சேர்த்த மாத்திரையாகப் பல்வலிக்கும் முதுகுவலிக்கும் எழுதப்படுகிறது. 'எனக்கு ஃபிட்ஸ் இருக்கு, டிரமடால் வேண்டாம்' என்று நாமே சொல்லிவிட வேண்டியதுதான். டேபென்டடால் என்ற வலி மாத்திரைக்கும் வலிப்பு எச்சரிக்கை உண்டு. அதைக் கரைத்து ஊசியில் ஏற்றுவது தனிக் கேடு.

தூக்க மாத்திரை இதற்கு நேர் எதிர். அல்பிரசோலம், நைட்ரசெபம் எல்லாம் கிளோபசாம் என்ற வலிப்பு மாத்திரைக்குப் பங்காளிகள், உள்ளே இருக்கும்போது வலிப்பை அடக்கும். அதனால்தான் 'இது எனக்கு நல்லதுதானே' என்ற எண்ணம் வருகிறது. தினமும் போட்டுப் பழகியவருக்கு ஸ்டாக் தீர்ந்ததும் வரும் வலிப்பு நிற்காமல் தொடரக்கூடிய வகை. அல்பிரசோலம் என்றால் ஓரிரு நாளில், டயசெபம் என்றால் ஒரு வாரம் கழித்தும் வரலாம். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

கஞ்சா பற்றி 'வலிப்புக்கு மருந்தே அதுதான்' என்ற பேச்சு உண்டு. பாதி உண்மை. 2018-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது கஞ்சாவிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்த கன்னாபிடயால். அதுவும் லெனாக்ஸ்-காஸ்டோ, டிராவே போன்ற அரிய வகைகளுக்கு. பொட்டலத்தில் அது சொற்பம், போதை தரும் டிஎச்சியே அதிகம். அதன் விளைவு ஆய்வுகளில் இரு பக்கமும் போகிறது. நடைமுறையில் கெடுப்பது மறதி: ராத்திரி மாத்திரை போட்டோமா இல்லையா என்றே தெரியாது. கன்னாபிடயால் எண்ணெயும் கிளோபசாமோடு சேர்ந்தால் தூக்கக் கலக்கத்தைக் கூட்டும், வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரையோடு சேர்ந்தால் கல்லீரலைப் பார்க்க வேண்டிவரும். ரசாயனம் தெளித்து விற்கும் செயற்கைக் கஞ்சா வேறு ஜாதி, நேரடியாகவே வலிப்பைத் தூண்டும்.

கொக்கைன், மெத், எம்டிஎம்ஏ ஆகிய ஊக்கப் போதைகளில் ஒப்பிட அதிகம் இல்லை. மூன்றும் ஏறும்போதே அடிக்கும், தூக்கத்தையும் பறிக்கும். எம்டிஎம்ஏ-வில் உடல் கொதிக்கும், தாகத்தில் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி அதுவே வலிப்பாகும். கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின் சாப்பிடுகிறவருக்குச் சோடியம் ஏற்கெனவே குறைந்திருக்கலாம். (ஏற்காட்டுக் காபியைப் பழிக்க வேண்டாம். நாளுக்கு இரண்டு டம்ளர் பிரச்சினை இல்லை, ராத்திரித் தூக்கம் கெடாதவரை.)

மலைக்குப் போகிறவர் மாத்திரையைப் பையில் அல்ல, சட்டைப் பையில் வைக்கட்டும், இரண்டு நாளுக்கு உபரியாக. விட்டுப்போன வேளைக்கு ஈடாக இரட்டை டோஸ் போடக் கூடாது. குடித்த ராத்திரி தனியறையில் குப்புறப் படுக்கவும் கூடாது. மறுநாள் வண்டி வேறு ஒருவர் கையில். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-ல் வலிப்பு உண்டா என்ற கேள்வியே முன்னால் நிற்கிறது.

வலிப்பு வந்துவிட்டால் சாவி, இரும்பு தேட வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதுவும் போடாமல், மணியைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, தெளியாமல் அடுத்தது வந்தாலோ 108. மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே வைத்திருந்தால் டாக்டர் எழுதிய அளவுக்கு மேல் வேண்டாம். ஒரு அழுத்தலுக்கு எத்தனை மில்லிகிராம் என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். உள்ளே மதுவும் இருந்தால் மூச்சு மந்தமாகும், பக்கத்திலேயே இருந்து நெஞ்சு ஏறி இறங்குவதைப் பாருங்கள். என்ன போட்டார், எத்தனை, எத்தனை மணிக்கு என்று டூட்டி டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். டிரமடால் என்றால் அவர் முறிவு மருந்து கொடுக்கும் விதமே மாறும், ஏனென்றால் அந்த முறிவு மருந்தான நலாக்ஸோன் அதில் வலிப்பைக் கூட்டலாம். பெயர் நினைவில்லை என்றால் காலி அட்டையைக் கசக்கிப் போடாமல் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.