கறிக்குழம்பு: சேலத்தில் சட்டி, ஏற்காட்டில் குக்கர்

கரிநாளன்று ஏற்காட்டில், சித்தப்பா வீட்டில், ஒரு கிலோ செம்மறிக் கறியை மண்சட்டியில் ஏற்றினேன். சேலத்தில் அதே சட்டியில் அதே அளவு கறி ஒன்றரை மணி நேரத்தில் எலும்பைவிட்டுக் கழன்றுவிடும். அங்கே இரண்டரை மணி நேரம் கழித்தும் துண்டைக் கரண்டி விளிம்பால் அழுத்தினால் ரப்பர் போல எகிறியது. சித்தப்பா இரண்டு முறை எட்டிப் பார்த்தார். மூன்றாம் முறை தட்டோடு வந்து நின்றார்.

கறிமீது குற்றமில்லை. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே சேலத்தில் 99. நான்கு டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் கறி மெத்தென்று ஆவதற்கு, தசையைப் பிணைத்திருக்கும் சவ்வு கரைந்து ஜெலட்டினாக வேண்டும். சூடு குறையக் குறைய அது கரைவது இழுத்துக்கொண்டே போகும். தீயைக் கூட்டியும் பயனில்லை. தண்ணீர்தான் வற்றும், சூடு ஏறாது.

குக்கருக்கு இந்தத் தொல்லை கிடையாது. நீராவி அடைபடுவதால் உள்ளே சூடு 120 டிகிரியை நெருங்கும். மலைமேல் இரண்டு மூன்று டிகிரி குறையும், அவ்வளவுதான். ஐந்து விசில், பிறகு சிறுதீயில் பத்து நிமிடம். வேலைநாள் இரவில் இதைவிட்டால் வேறு வழியில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இருந்தாலும் குக்கரில் கறி வெந்திருக்கும், குழம்பு வெந்திருக்காது. மூடிய பாத்திரத்தில் விசிலோடு போகும் கொஞ்சத்தைத் தவிர ஆவி வெளியேற வழியில்லை. கறி விட்ட தண்ணீரும் நாம் ஊற்றியதும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். மசாலா ஒரு பக்கம், நீர் ஒரு பக்கம். தேங்காய் விழுதையும் முதலிலேயே சேர்த்துவிட்டால் அடிப்பிடித்து, அந்தத் தீய்ந்த வாடை கடைசிக் கவளம்வரை கூடவே வரும். சட்டியில் நடப்பது வேறு. சின்ன வெங்காயம் கடலை எண்ணெயில் நிறம் மாறி, வறுத்து அரைத்த மல்லியும் மிளகும் சீரகமும் கொதித்துக் கொதித்து இறுகும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து செந்நிறமாக மிதக்கும்போதுதான் பச்சை வாடை போகும். விசில் ரயிலுக்குத்தான் என்பார் என் அம்மாயி. அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு.

ஆட்டையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்து மேச்சேரி ஆடு செம்மறிதான், ஆனால் கம்பளி கிடையாது, குட்டை முடி. அதன் இளங்குட்டிக் கறி சட்டிக்கென்றே அமைந்தது. முற்றிய வெள்ளாடு என்றால் சட்டியை நினைக்கவே வேண்டாம். கடையில் தொடைக்கறியை எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள். நெடுநேரம் வேகும் குழம்புக்குச் சப்பையும் கழுத்தும்தான் சரி. சவ்வு நிறைந்த துண்டுகள் என்பதால் குழம்பும் கெட்டியாகும். தொடை சக்கையாகிவிடும்.

சட்டிக்கும் குறை உண்டு. புதிதாக வாங்கினால் சில நாள் அரிசி கழுவிய நீரில் ஊறவைத்துப் பழக்க வேண்டும். அடுப்பில் இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். என்னிடம் இருப்பது மூன்றாவது சட்டி.

சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் சட்டியைத்தான் ஏற்றுவேன். ஏற்காட்டில் கறியை மஞ்சள், உப்பு, வெங்காயத்தோடு முதலில் குக்கரில் வேகவைத்து, பிறகு சட்டிக்கு மாற்றி, மசாலா சேர்த்து இருபது நிமிடம் திறந்தே கொதிக்கவிடுவேன். தேங்காய் கடைசியில். இறக்கும்போது அங்கேயே காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களில் படரும் மிளகை இடித்துத் தூவினால், சேலத்துக் குழம்பில் கிடைக்காத ஒரு காரம் வரும்.

அந்தக் கரிநாளில் நல்லவேளையாகத் தேங்காய் சேர்க்கவில்லை. சட்டியிலிருந்ததை அப்படியே குக்கரில் கொட்டி, நான்கு விசில் விட்டு, மறுபடி சட்டிக்கு மாற்றினேன். சித்தப்பா இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டபோது மணி நான்கரை.